இடது தொடையெலும்பின் ஓ.பி. சீட்டு

தங்கபுஷ்பத்தின் இடது தொடையெலும்பு அவள் துணையில்லாமல் முதன்முதலாக வெளியே போய்வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குப் புறப்பட்டுப் பதினொன்று முப்பத்திரண்டுக்குத் திரும்பி வந்தது. அந்த எண்பத்திரண்டு நிமிடமும் அவள் ஆபரேஷன் தியேட்டரில் நினைவில்லாமல் கிடந்தாள் என்பதால், தன் எலும்பு எந்த வழியாகப் போனது, யாரைப் பார்த்தது, எங்கே காத்திருந்தது என்பதையெல்லாம் பிறகு பிறத்தியார் சொல்லித்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

போனது முழு எலும்பு அல்ல, பதினாலு சென்டிமீட்டர் துண்டு. அதற்குள்தான் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி வளர்ந்திருந்தது. பெரிய டாக்டர் மதார் ஆபரேஷனுக்கு முந்தின நாளே கட்டிலோரம் உட்கார்ந்து, விரலால் போர்வையில் கோடு போட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"எலும்பை வெட்டி எடுக்கோம். கட்டியைச் சுரண்டி எடுக்கோம். மிச்ச எலும்பைப் பெட்டியில வச்சு, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்குல்லா நம்ம கதிர்க் கட்டடம், அங்க அனுப்புதோம். அவங்க இருபத்திரண்டு நிமிஷம் கதிர் காட்டி உள்ள இருக்கறதை எல்லாம் கொன்னு அனுப்புவாங்க. திரும்ப அதே எடத்துல வச்சுத் தகடு போட்டு முடுக்கிருவோம். காலை எடுக்க வேண்டாம். ஒங்க எலும்பு ஒங்களுக்கே."

"உள்ள இருக்கறதை எல்லாம்னா, கெட்டதை மட்டுமா சார்?"

"கெட்டது நல்லது எல்லாத்தையும். கதிருக்கு ஆள் தெரியாது. செத்த எலும்பாத்தான் உள்ள வைப்போம். பன்னெண்டு வாரம் காலைத் தரையில ஊனாம இருந்தா, ரெண்டு பக்கத்து உயிருள்ள எலும்பும் கொஞ்சம் கொஞ்சமா அதைப் பிடிச்சுக்கிடும். ஊனினீங்களோ, முறிஞ்சிரும். முறிஞ்சா அப்புறம் இடுப்புக்குக் கீழ எடுக்கதுதான். வேற வழி கிடையாது."

பன்னெண்டு வாரம் என்றால் எண்பத்து நாலு நாள். தங்கபுஷ்பம் அதைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எண்பத்து நாலு கோடாகப் போட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். உப்பளத்துச் சாலையில் இருக்கிற ஒரு எடை மேடையில் அவள் பதினோரு வருடமாக லாரி எடை எழுதுகிறவள். எழுதாத எதையும் அவள் நம்புவதில்லை.

அந்த எலும்பின்மேல் அவளுக்குத் தீராத மனத்தாங்கல் இருந்தது. இருபத்தொன்பது வருடம் தன் சோற்றைத் தின்று, தன்னோடு நின்று, தன்னோடு நடந்து, எடை மேடையின் ஒன்பது இரும்புப் படிகளைத் தினமும் தன்னோடு ஏறி இறங்கிய எலும்பு, ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு கட்டியை வளர்த்துவிட்டது. படியேறுகிற வலி என்று ஐந்து மாதம் தைலம் தேய்த்தாள். அந்த ஐந்து மாதமும் அது வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை மருந்து ஏற்றித் தலைமுடி எல்லாம் கொட்டிப்போனபோதும், கொட்டிய முடியைவிட அந்தக் கள்ள மௌனம்தான் அவளைச் சுட்டது.

எலும்பு போன இடத்தில் நடந்தது இதுதான். கதிர்க் கட்டடத்தின் பதிவு மேசையில் குற்றாலிங்கம் என்று ஒரு எழுத்தர் இருந்தார். முப்பத்தோரு வருட சர்வீஸ். ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை, ஒரு எழுத்தையும் அடித்துத் திருத்தியதில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் இசக்கிராஜ் ஸ்டீல் பெட்டியைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்து, "அண்ணாச்சி, சீக்கிரம், அங்க கால் தெறந்து கெடக்கு" என்றபோது, அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஓ.பி. நம்பர்?" என்றார்.

"அந்தப் பிள்ளை நம்பர்தான் அண்ணாச்சி."

"அந்தப் பிள்ளை எங்க இருக்கு?"

"தியேட்டர்ல."

"தியேட்டர்ல இருக்க பிள்ளை இங்க எப்படி வந்திருக்கும்? 'நோயாளி நேரில் வந்தாரா' ன்னு ஒரு கட்டம் இருக்கு பாத்தியா? நான் வரலைன்னு போட்டா மெஷின் ஓடாது. வந்தாகன்னு போட்டாப் பொய். யாரு வந்திருக்காங்களோ அவங்க பேருக்குத்தான் சீட்டு."

யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். பெட்டி வந்திருந்தது. புதுச் சீட்டொன்று எடுத்து, பெயர்: இடது தொடையெலும்பு. வயது: 29. பால்: பெண். பாதுகாவலர்: தங்கபுஷ்பம். எடை: 340 கிராம். நேரில் வந்தாரா: ஆம். இப்படி எழுதி, அங்கே கதிர் வாங்க வருகிற எல்லோருக்கும் குத்துகிற அதே முத்திரையைக் கீழே குத்தினார். 'செவ்வாய்தோறும் காலை 9.30க்குள் வரவும். வெறும் வயிற்றில் வரவும். துணைக்கு ஒருவர் மட்டும்.' எலும்பு தன் வரிசை வரும்வரை காத்திருந்தது, கதிர் வாங்கியது, சீட்டோடு பெட்டியிலேறித் திரும்பியது. சீட்டு பெட்டியின் மூடிப் பைக்குள்ளேயே கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஏழு நாள் கழித்து, அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, எலும்பு தசைக் கட்டி வார்டின் ஏழாம் கட்டிலில் தங்கபுஷ்பம் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள், இறங்கவில்லை. தண்ணீர் குடித்தாள், அதுவும் இறங்காமல் வெளியே வந்துவிட்டது. துணைக்கிருந்த அண்ணன் பெண்டாட்டி சுடலைவடிவு, "ஏளா, முழுங்குளா, ஆறிப்போவுது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மணி ஒன்பது ஐந்துக்கு, இடுப்பிலிருந்து பாதம்வரை பட்டி போட்டுக் கட்டியிருந்த இடது கால் தானாக ஒரு ஜாண் உயர்ந்து, பக்கவாட்டில் திரும்பி, கட்டிலைவிட்டு வெளியே நீண்டது.

"மைனி, பிடிங்க! நான் இல்லை, அது போவுது!"

சுடலைவடிவு யோசிக்கவில்லை, காலின்மேல் குப்புறப் படுத்துவிட்டாள். அவள் எழுபத்தெட்டுக் கிலோ. எழுபத்தெட்டுக் கிலோவையும் சேர்த்துக் கால் நகர்ந்தது. எட்டாம் கட்டில்காரி ஒரு பக்கம் பிடித்தாள், பெருக்க வந்தவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு இன்னொரு பக்கம் பிடித்தாள். பத்தாம் கட்டில் பாக்கியத்தாய் மட்டும், தோள் தசைக் கட்டியில் தையல் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி, "எங்க போவுதுன்னு கேளுங்களேன் முதல்ல" என்றாள்.

வார்டு சிஸ்டர் எமிமாள் ஓடி வந்தாள். பின்னாலேயே பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த இசக்கிராஜும் வந்தான். அவன்தான் மூடிப் பையிலிருந்து சீட்டை எடுத்து வாசித்தான். வாசித்து முடித்ததும் சிஸ்டர் எமிமாள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒன்பதரைக்குள்ளன்னு போட்டிருக்கு. இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா? ஸ்ட்ரெச்சரைக் கொண்டாங்க" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு என்றால் சீட்டுதான். சீட்டு இருக்கிறவர் போகாமல் இருக்க முடியாது, சீட்டு இல்லாதவர் செத்தாலும் உள்ளே நுழைய முடியாது என்பது எல்லோருக்கும் பழகியிருந்ததால், எலும்பு ஏன் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. காலைத் தரையில் ஊனாமல் எப்படிக் கூட்டிப்போவது என்பதுதான் பேச்சாக இருந்தது. நாலு பேர் தூக்கி, ஆம்புலன்ஸில் ஏற்றி, மூன்று புள்ளி இரண்டு கிலோமீட்டரும் பதினாலு வேகத்தடையும் கடந்து கதிர்க் கட்டடத்துக்கு ஒன்பது இருபத்தேழுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். துணைக்கு ஒருவர் மட்டும் என்றிருந்ததால், எலும்புக்குத் துணையாகத் தங்கபுஷ்பம் மட்டும் உள்ளே போனாள். சுடலைவடிவை வாட்ச்மேன் வெளியே நிறுத்திவிட்டான்.

குற்றாலிங்கம் எழுந்து நின்று ஸ்ட்ரெச்சரில் இருந்த காலைப் பார்த்தார்.

"வந்துட்டாகளா. நல்லது. சொன்ன நேரத்துக்கு வாரவங்க இந்த ஊர்ல ரொம்பக் குறைச்சல்." 'வருகை' என்ற கட்டத்தில் முத்திரை குத்தினார். அந்த டக் என்ற சத்தத்துக்கு எலும்பு அடங்கியது. கால் கனமாகப் படுத்துக்கொண்டது. தங்கபுஷ்பத்தின் தொண்டை திறந்தது. காலையிலிருந்து விழுங்க முடியாமல் நின்ற எச்சில் இறங்கியது.

"என்னை ஒரு வார்த்தை விசாரிக்கலையே சார் நீங்க" என்றாள்.

"ஒங்களுக்கு இங்க சீட்டு இல்லையேம்மா" என்றார் குற்றாலிங்கம். அவர் குத்திக் காட்டவில்லை. இல்லை என்பதைத்தான் சொன்னார்.

அதன்பிறகு வார்டு அந்த எலும்புக்கு இடம் கொடுத்த வேகம் தங்கபுஷ்பத்தைத் திகைக்க வைத்தது. ஒரு கட்டிலில் இரண்டு நோயாளி என்பதால் சிஸ்டர் எமிமாள் இரண்டாவது கேஸ் ஷீட் திறந்து, ஏழு, ஏழு-அ என்று எழுதித் தொங்கவிட்டாள். சமையல்கட்டுக்கு எண்ணிக்கை போனதும் காலையில் இரண்டு பால், இரண்டு பிரெட், இரண்டு முட்டை வந்தன. எலும்பின் பங்கை அதன் பாதுகாவலர் சாப்பிடலாமா, பாதுகாவலரின் துணையாள் சாப்பிடலாமா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். முடிவு தெரிவதற்குள் சுடலைவடிவு முட்டையைத் தின்றுவிட்டாள். காலையில் டாக்டர்கள் சுற்றி வரும்போது தங்கபுஷ்பத்திடம் தூக்கம் எப்படி என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் குனிந்து, பட்டியைப் பார்த்து இன்னொரு தடவையும் கேட்டார்கள்.

எலும்பு வாராவாரம் எப்படியும் கதிர்க் கட்டடத்துக்குப் போகிறது என்பது தெரிந்தவுடன், மூன்றாம் கட்டில்காரி தன் ஸ்கேன் படத்தை அதோடு கொடுத்துவிட்டாள். அஞ்சாம் கட்டில்காரி தேதி கேட்டு வரச் சொன்னாள். பாக்கியத்தாய், தன் தோளுக்குக் கதிர் எத்தனை நாள் என்று 'அவுகளையே' விசாரித்து வரச் சொன்னாள்.

"அவுக யாரு?" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஒன் எலும்புதான்."

"அது என்ன அவுக? நான்னா நீ, அதுன்னா அவுகளா?"

"ஒனக்குக் கதிர்க் கட்டடத்துல யாரைத் தெரியும்? அவுகளுக்கு அங்க எல்லாரும் பழக்கம். மரியாதை தன்னால வருதுளா, நான் என்ன செய்ய."

வெளியூரிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர்கள்கூட ஆப்பிளைத் தங்கபுஷ்பம் கையில் கொடுத்துவிட்டு, காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். செத்த பிறகும் சீட்டுக்குக் கட்டுப்படுகிற எலும்பு என்று அதற்குப் பேர் ஆகிவிட்டது. அது செய்த துரோகத்தை அவளைத் தவிர யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்து, ஆம்புலன்ஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு, பதினாலு வேகத்தடையையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு, தன் எலும்புக்குத் துணையாள் வேலை பார்த்துக்கொண்டு போய்வந்தாள் தங்கபுஷ்பம்.

நாலாவது செவ்வாய் முடிந்த மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் மதார் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அட்டையில் இருபத்தொன்பது கோடு அடித்திருந்தது.

"பிடிப்பு எதுவும் ஆரம்பிக்கலை. கீழ் ஸ்குரூ ஒண்ணு, ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கியிருக்கு" என்றார். "அந்த ரோட்டுக் குலுக்கல்தான். இன்னும் ரெண்டு தடவை, கூடிப்போனா மூணு தடவை தாங்கும். அப்புறம் தகடு விட்டுரும்."

"விட்டா?"

அவர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். இடுப்புக்குக் கீழே போர்வையில் அன்று விரலால் போட்ட கோட்டை அவள் மறக்கவில்லை. சுடலைவடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பிறகு எடுத்து, "அந்தச் சீட்டைக் கிழிச்சு அடுப்புல போட்டா என்ன சார்?" என்றாள்.

"குற்றாலிங்கத்துக்கிட்ட கேட்டுட்டேன். சீட்டைக் கிழிச்சாலும் ரெஜிஸ்டர்ல பேர் இருக்காம். வாரச் சீட்டை மாசச் சீட்டா மாத்தலாமான்னும் கேட்டேன். மாத்தலாம், நோயாளி கையெழுத்துப் போடணுங்காரு. எலும்பு எங்க கையெழுத்துப் போட? பேரை முடிச்சு வெளிய அனுப்புதது ஒண்ணுதான் வழி. நாளைக்கு வியாழக்கிழமைக் கூட்டத்துல வச்சுப் பேசிருவோம்."

வியாழக்கிழமைக் கூட்டம் அந்த ஆஸ்பத்திரியில் பெரிய விஷயம். எலும்புக் கட்டி, தசைக் கட்டி என்று வருகிற ஒவ்வொருவரைப் பற்றியும் வெட்டுகிற டாக்டர், மருந்து ஏற்றுகிற டாக்டர், கதிர் கொடுக்கிற டாக்டர், படம் படிக்கிற டாக்டர், சதைத் துணுக்கைக் கண்ணாடியில் வைத்துப் படிக்கிற டாக்டர் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்பார்கள். அந்த வியாழக்கிழமை, அவர்களோடு முதன்முறையாக ஒரு எழுத்தரும் உட்கார்ந்தார். குற்றாலிங்கம் ரெஜிஸ்டரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் இருந்தார். அத்தனை டாக்டர்களை ஒருசேரப் பார்த்த கூச்சத்தில் அவர் காது சிவந்திருந்தது. தங்கபுஷ்பத்தைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்து சுவரோரம் நிறுத்தினார்கள்.

"நோயாளி பேரை முடிக்க நாலு கட்டம்தான் உண்டு சார்" என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். "குணமடைந்தார். இறந்தார். சொல்லாமல் போனார். வேறிடத்துக்கு அனுப்பப்பட்டார். இதுல எதுன்னு சொல்லிட்டா நான் எழுதிருவேன்."

கதிர் டாக்டர் உடனே, "குணமடைந்தார்னு போடுங்க. கட்டி ஒரு துளி இல்லை அதுல" என்றார்.

"போடலாம் சார். ஆனா அதுக்குக் கீழ, 'வீட்டுக்குச் செல்லலாம்'னு அச்சுலேயே இருக்கு. இந்த எலும்பு எழுத்துக்குக் கட்டுப்படுத எலும்பு. நான் பேனாவை எடுக்கதுக்கு முன்ன எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சிரும். வீடு நாப்பத்தாறு கிலோமீட்டர்."

எல்லோரும் காலைப் பார்த்தார்கள். கட்டை விரல் லேசாக அசைந்தது. படம் படிக்கிற டாக்டர் குரலைத் தாழ்த்தி, வீடு என்ற வார்த்தையை அதன் காதில் விழும்படி சொல்ல வேண்டாம் என்றார்.

"சொல்லாமல் போனார்னா?"

"போயிரும் சார். எங்கேன்னு தெரியாது."

கண்ணாடியில் துணுக்குப் படிக்கிற டாக்டர் மிகவும் நேர்மையான மனுஷி. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உண்மையைச் சொல்லணும்னா, அது இறந்த எலும்புதான். கதிர் காட்டின பிறகு சுரண்டி எடுத்த துணுக்கை நான் பாத்தேன். உயிருள்ள அணு ஒண்ணுகூட இல்லை. இறந்தார்ங்கறதுதான் சரியான கட்டம்" என்றாள்.

குற்றாலிங்கம் பேனா மூடியைத் திறந்தார். சரியான கட்டம் என்ற சொல்லுக்கு அவர் கை தானாகத் திறக்கும்.

"நிறுத்துங்க அண்ணாச்சி!" என்று கத்தினாள் தங்கபுஷ்பம். அந்த அறையில் நோயாளிகள் யாரும் அதுவரை கத்தியதில்லை. "இறந்தாச்சுன்னு நீங்க எழுதிட்டா அது அதையும் கேட்டுக்கிடும். அப்புறம் ரெண்டு பக்கத்து எலும்பும் எதைப் பிடிக்கும்? செத்துப்போச்சுன்னு எழுத்துல வந்த ஒண்ணை யாரு பிடிப்பா?"

டாக்டர் மதார் கையை நீட்டிக் குற்றாலிங்கத்தின் பேனாவை மெல்ல மூடினார். "அப்ப நாலாவது கட்டம். வேறிடத்துக்கு அனுப்புதோம். எங்க வார்டுக்கே அனுப்புங்க."

"வார்டு ஒரு இடம் சார். இந்தப் பிள்ளை டிஸ்சார்ஜ் ஆகி வீ... ஊருக்குப் போகும். எலும்பு வார்டுலேயேல்லா கெடக்கும்? எங்க போனாலும் அதைக் கூடவே வச்சிருக்க ஒருத்தர் பேருக்குத்தான் அனுப்ப முடியும். அவங்க பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடணும்."

இப்போது எல்லோரும் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள். குற்றாலிங்கம் ரெஜிஸ்டரை அவள் மடியில் விரித்து வைத்தார். 'மேற்படி நோயாளியை, அவரது நோய் வரலாறு முழுவதையும் அறிந்து, இனி வருவதற்கும் பொறுப்பேற்று, பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்டிருந்தது.

அவள் அதை மூன்று தடவை வாசித்தாள்.

"இனி வருவதற்கும்னா?"

பெரிய டாக்டர்தான் எழுந்து வந்தார்.

"திரும்ப வரலாம் அம்மா. அந்த எடத்துல வரலாம், நெஞ்சுல வரலாம். வராமலும் இருக்கலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பாப்போம், அஞ்சு வருஷம்."

"வராதுன்னு எழுதித் தருவீங்களா சார்?"

"தர மாட்டேன்."

அவளுக்கு அது பிடித்திருந்தது. இத்தனை மாதத்தில் தருகிறேன் என்று சொன்னவர்கள் அநேகம் பேர். தைலம் விற்றவன்கூட எழுதியே கொடுத்தான். அவள் காலைப் பார்த்தாள். இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அது அசையாமல் கிடந்தது. நாலு செவ்வாயும் அத்தனை பேரைப் படுத்தியெடுத்த எலும்பு, இப்போது எங்கே அனுப்புவார்களோ என்று வாயில்லாமல் காத்திருந்தது. இது பேசுகிற சாதியே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. ஐந்து மாதம் இது மறைத்துவைக்கவில்லை. வலித்தது, அவள்தான் தைலம் தேய்த்தாள்.

"மைனி, என்ன செய்ய?"

"போடுளா" என்றாள் சுடலைவடிவு வாசலிலிருந்து. "நம்ம எலும்பை ரோட்டுல போறவனா வாங்கிக்கிடுவான்?"

கையெழுத்துப் போட்டாள். குற்றாலிங்கம் மை காயக் காத்திருந்து, புத்தகத்தை இழுக்காமல், ஒரு விரலை நீட்டினார். "ஒரு கட்டம் காலியா இருக்கும்மா. 'நோயாளிக்கு என்ன உறவு'."

டாக்டர்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தாய் என்றார் ஒருவர். உடைமையாளர் என்றார் இன்னொருவர். வீட்டுக்கார... என்று இழுத்த படம் படிக்கிற டாக்டர் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கபுஷ்பம் பொய் எழுதுகிறவள் அல்ல. யோசித்து, 'தெரிந்தவர். இருபத்தொன்பது வருடப் பழக்கம்' என்று எழுதினாள். குற்றாலிங்கம் படித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டி, முத்திரை குத்தினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லோரும் காலையிலேயே எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது ஐந்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதரைக்கும் நடக்கவில்லை. தங்கபுஷ்பம் நாலு இட்லி சாப்பிட்டாள், நாலும் இறங்கின. சிஸ்டர் ஏழு-அ ஷீட்டை எடுத்து மடித்து ஏழுக்குள் வைத்தாள். மூன்றாம் கட்டில்காரிக்குத்தான் வருத்தம். அவளுடைய ரெண்டாவது ஸ்கேன் படத்தைக் கொண்டுபோக இனி ஆளில்லை. கால் கிடந்தது, மரக்கட்டைபோல, யாருடையதும் இல்லாததுபோல. அதற்கடுத்த வாரமும் அப்படியே கிடந்தது. பிடிப்பதற்குப் பதில் மொத்தமாகவே கைவிட்டுவிட்டதோ என்று டாக்டர் மதார் பட்டியை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். தட்டுவது அவளுக்குத் தெரியவேயில்லை.

அட்டையில் நாற்பத்தாறு கோடு முடிந்த அன்று, ஒரு சனிக்கிழமை, மதியச் சோறு வந்துகொண்டிருந்தபோது, தங்கபுஷ்பம் "ஆத்தாடி!" என்று அலறினாள். சோற்று வண்டி நின்றுவிட்டது.

"என்னளா?"

"வலிக்கி மைனி! உள்ள, ஆழத்துல, யாரோ கடப்பாறையை விட்டுக் கெண்டுத மாதிரி வலிக்கி!"

"எந்த எடத்துல?" சிஸ்டர் எமிமாள் முகம் வெளுத்துப்போனது. ஸ்குரூ விட்டுவிட்டது, முறிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எக்ஸ்ரே மெஷினைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். படம் வரும்வரை இருந்த பத்தொன்பது நிமிடமும் தங்கபுஷ்பம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத போர்வையை மனதில் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

டாக்டர் மதார் படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். ஸ்குரூ இருந்த இடத்திலேயே இருந்தது. வெட்டிய இடத்தில், மேலேயும் கீழேயும், பாலாடை படிந்ததுபோல மங்கலாக ஒரு வெள்ளை. அவர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.

"பிடிச்சிருக்கு" என்றார். "செத்த எலும்பு வலிக்காது. இப்ப வலிக்கின்னா உள்ள ஆள் குடி வந்தாச்சு."

வார்டின் பன்னிரண்டு கட்டிலும் ஒரே சத்தமாகக் கத்தின. சுடலைவடிவு பெருக்க வந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எட்டாம் கட்டில்காரி கைதட்டினாள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தங்கபுஷ்பத்துக்கு வாழ்த்துச் சொன்ன அவசரத்தில் வலிக்கு மாத்திரை கொடுக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"ஏளா புஷ்பம்" என்று பத்தாம் கட்டிலிலிருந்து பாக்கியத்தாய் கூவினாள். "நெசத்தைச் சொல்லு. வலி ஒனக்கா, அவுகளுக்கா?"

"எனக்குத்தான்! எனக்கேதான்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள் தங்கபுஷ்பம். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் குனிந்து, இரண்டு கையாலும் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதனிடம் முதன்முதலாக வாய்விட்டுப் பேசினாள்:

"சும்மா கெட மூதி. நான் இங்கனதான இருக்கேன்."